ஐந்து சொற்கள் போதும்

கொரிந்து நகரத் திருச்சபையில் ஒரு சிக்கல் எழுந்தது. பிறருக்கு விளங்காத மொழியில் பேசுவதையே சிலர் பெருமையாகக் கருதினர். கேட்டவர்க்குப் பொருள் புரியவில்லை. பேசியவர்க்கோ மதிப்புக் கூடியது. அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுலடியார் தம் தீர்ப்பைத் தெளிவாக உரைக்கிறார். விளங்காத மொழியில் பதினாயிரம் சொற்களைப் பேசுவதைவிட, மற்றவர் அறிவு பெறும்படி ஐந்து சொற்களைப் பேசுவதையே தாம் விரும்புவதாக அவர் கூறுகிறார். வழிபாட்டை முன்னிட்டு எழுதப்பட்ட இவ்வறிவுரை, இன்று நம் பள்ளிகளின் ஆங்கில வகுப்புக்கு அப்படியே பொருந்துகிறது.

தமிழகத்தில் ஒரு மாணவர் முதல் வகுப்புத் தொடங்கிப் பத்தாம் வகுப்பு முடியப் பத்து ஆண்டுகள் ஆங்கிலம் பயில்கிறார். பத்தாண்டுகளின் முடிவில் மனப்பாடப் பாடலை ஒரு புள்ளியும் பிசகாமல் எழுதுகிறார். பாட்டின் அணிநயத்தைப் பாராட்டி எழுதுகிறார். தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறார். ஆனால் தம் தாய்க்கு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை அட்டையைப் படித்து, இதை எந்த நாளுக்குப் பின் உட்கொள்ளக் கூடாது என்று சொல்ல அவருக்கு இயலவில்லை. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைத் தந்தை எடுத்து நீட்டும்போது அவர் தலை குனிகிறார். இது அந்த மாணவரின் குறையன்று. அவருக்குப் பதினாயிரம் சொற்கள் ஊட்டப்பட்டன. ஐந்து சொற்கள் கற்பிக்கப்படவில்லை.

இங்கு நாம் வாதிடுவது ஒன்றே. உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் வாழ்க்கைப் பொருள்களின் வழியாகவே கற்பிக்கப்பட வேண்டும். மருந்துச்சீட்டும், பயண அட்டவணையும், வங்கிப் படிவமும், வேலை ஒப்பந்தமும், அன்றாடச் செய்தித்தாளும் பாடப்பொருளாக வேண்டும். இதைச் செய்யாமல் விடுவது கற்பித்தல் முறையில் உள்ள ஒரு சிறு குறைபாடு என்று ஒதுக்கத் தக்கதன்று. அது ஏழைகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

பீடத்தில் மறைந்தது வகுப்பறையில் வாழ்கிறது

நம் பாட்டன் பாட்டியர் காலத்துப் பூசையை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குரு பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் செபிப்பார். பூசை உதவும் சிறுவர் இலத்தீனிலேயே மறுமொழி கூறுவர். அச்சிறுவருள் பெரும்பாலோர்க்கு ஒரு சொல்லின் பொருளும் தெரியாது. ஒலி பிசகாமல் சொன்னால் உபதேசியார் மகிழ்வார். பிசகினால் குட்டு விழும். கோவிலில் கூடியிருந்த மக்களோ செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தனர். பக்தி இருந்தது, பொருள் இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. மக்கள் பொருளுணர்ந்து, முழுமையாக, ஈடுபாட்டுடன் பங்கேற்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. அதன் பயனாகத் தமிழ் பீடம் ஏறியது. பொருளறியாமல் ஒலிப்பது இறைவனுக்கு ஏற்ற வழிபாடாகப் போதாது என்று திருச்சபை முடிவு செய்தது.

வழிபாட்டுக்கே போதாத ஒன்று கல்விக்கு எவ்வாறு போதும்? பீடத்திலிருந்து அகன்ற அந்தப் பழைய வழக்கம் நம் வகுப்பறைகளில் குடிபுகுந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக அசையாமல் அமர்ந்திருக்கிறது. ஆசிரியர் வாசிக்கிறார், மாணவர் ஒருமித்த குரலில் திரும்பச் சொல்கின்றனர். ஆசிரியர் கரும்பலகையில் விடையை எழுதுகிறார்; மாணவர் பார்த்து எழுதுகின்றனர். வீட்டில் அதையே உருப்போடுகின்றனர். தேர்வில் அதையே இறக்கி வைக்கின்றனர். அடுத்த வாரம் மறந்துவிடுகின்றனர். மொழி மாறியிருக்கிறதேயன்றி முறை மாறவில்லை. அன்று இலத்தீன், இன்று ஆங்கிலம்.

பாடநூலைக் குறை சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தமிழகத்தில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் பாடநூல்கள் மீண்டும் புதுக்கப்பட்டன. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். விளம்பரம் எழுதுக என்ற வினா உண்டு. வரைபடத்தைப் பார்த்து வழி கூறுக என்ற வினா உண்டு. கடிதம் எழுதுக, குறிப்பெடுக்க, படத்தைக் கண்டு கருத்துரைக்க என்ற வினாக்கள் உண்டு. ஆக, பாடநூலை ஆக்கியோர் வாழ்க்கையை வகுப்பறைக்குள் கொண்டுவரவே முயன்றிருக்கின்றனர்.

நடப்பது என்ன? வழி கூறும் வினாவுக்கு, எந்த வரைபடம் வந்தாலும் எழுதத்தக்க பொதுவிடை ஒன்று வழிகாட்டி நூல்களில் ஆயத்தமாக இருக்கிறது. நேரே செல்க, இடப்புறம் திரும்புக, சிறிது தொலைவு நடக்க, வலப்புறம் அந்த இடம் உள்ளது என்று நான்கு வரி. மாணவர் வரைபடத்தைப் பார்ப்பதே இல்லை. வரைபடத்தில் மருத்துவமனை இடப்புறம் இருந்தாலும் விடைத்தாளில் அது வலப்புறமாகவே இருக்கும். உயிருள்ள வினாவையும் உயிரற்ற ஒலியாக்கும் இந்தத் திறமை நமக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு மூன்று மதிப்பெண் எப்படியும் கிடைக்கும் என்ற கணக்கிலிருந்தே வந்தது. அந்தக் கணக்கில் மதிப்பெண் தேறுகிறது. ஒரு வழிப்போக்கனுக்கு வழி சொல்லத் தெரியாத மாணவரும் அதே கணக்கில் உருவாகிறார்.

யார் இழப்பது?

இந்த முறையால் எல்லா மாணவரும் சமமாக இழப்பதில்லை என்பதை நாம் உணர வேண்டும். மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கும் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கும் ஆங்கிலம் உணவு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. வீட்டில் ஆங்கில நாளிதழ் உண்டு. ஐயம் கேட்கத் தாயும் தந்தையும் உண்டு. பள்ளியில் ஓதுவது வெறும் ஒலியானாலும் அப்பிள்ளைக்குக் கேடில்லை. கட்டுமரம் தள்ளும் வீட்டுப் பிள்ளைக்கும், செங்கற்சூளையில் வேகும் வீட்டுப் பிள்ளைக்கும், தீப்பெட்டித் தொழிலாளியின் மகளுக்கும் ஆங்கிலம் கிடைக்கும் இடம் பள்ளி ஒன்றே. அந்த ஒரே ஊற்றிலும் நீருக்குப் பதிலாக மணலை அள்ளித் தருவோமானால் அவர்கள் எங்கே போவார்கள்?

ஒரு சட்ட நடைமுறையை இங்கு எண்ணிப் பார்ப்பது நல்லது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரில் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள், பொதுவாக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை அரசு அலுவலர் பார்வையிடுகிறார். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஏன்? படித்தவர் தம் நலனைத் தாமே காத்துக்கொள்வார், தம் ஒப்பந்தத்தைத் தாமே படித்துணர்வார் என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை.

அந்த நம்பிக்கைக்குச் சான்றிதழ் கொடுப்பது யார்? நம் பள்ளிகளே. ஒரு பள்ளி ஓர் இளைஞனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வாங்கிக் கொடுக்கும்போது, அரசு அவன் தோள்மீது வைத்திருந்த பாதுகாப்புக் கையை எடுத்துக்கொள்கிறது. அவனோ ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சிட்ட தாளைக் கையில் வாங்கி, எங்கே கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் கேட்கிறான். மிகைநேரப் பணிக்குக் கூலி உண்டா, பாதியில் திரும்பினால் பயணச்செலவு யாருடையது என்று அவன் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது அந்தத் தாளில் எழுதியிருப்பது அவனுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுபது மதிப்பெண் பெற்றவன் அவன். அந்த எழுபது மதிப்பெண் அவனுக்குக் காவலாக நிற்கவில்லை. இருந்த காவலையும் அகற்றிவிட்டது. தேர்ச்சி விழுக்காட்டைத் தட்டியில் எழுதிப் பள்ளி வாயிலில் கட்டுவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நம் பங்குகளிலிருந்து செவிலியராகச் செல்லும் பெண்பிள்ளைகளை எண்ணுவோம். பிரிட்டன் போன்ற நாடுகளில் செவிலியராகப் பதிவு பெற ஆங்கிலத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். நோயாளியின் நிலையை விளக்கி ஒரு கடிதம் எழுதுவதும், பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்வதும், மறுமொழி கூறுவதும் அத்தேர்வுகளில் அடங்கும். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் பயின்ற மகளுக்கு இவற்றைக் கற்றுத்தர, தனிப்பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டத் தாலிச்சங்கிலியை அடகு வைக்கும் தாய்மார் உண்டு. அந்த அடகுச்சீட்டிலும் பாதி ஆங்கிலம்தான்.

நீதியின் வாயிலிலும் இதே நிலை. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவின் அடிப்படையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாகவே இருந்துவருகிறது. தமிழையும் அங்கு மொழியாக்க வேண்டும் என்று சட்டமன்றம் 2006ஆம் ஆண்டிலேயே தீர்மானம் நிறைவேற்றியது. அது இன்னும் கைகூடவில்லை. தமிழ் அங்கு ஏற வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அது ஏறும்வரை, தன் நிலத்தைப் பற்றிய ஆணையைத் தன் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் உழவருக்கு நாம் என்ன மறுமொழி வைத்திருக்கிறோம்?

இரண்டு தவறான மறுமொழிகள்

இச்சிக்கலுக்கு இரண்டு எளிய மறுமொழிகள் கூறப்படுகின்றன. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதலாவது, எல்லாவற்றையும் ஆங்கில வழியில் கற்பித்தால் சிக்கல் தீரும் என்பது. இம்மறுமொழியை நம்பியே பல பள்ளிகள் தமிழ்வழிப் பிரிவுகளைச் சுருக்கி ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்குகின்றன. ஆங்கிலத்தை மட்டும் ஒலியாக ஓதிய மாணவர் இப்போது அறிவியலையும் வரலாற்றையும் சேர்த்து ஒலியாக ஓதுகிறார். ஒரு பாடத்தில் இருந்த நோய் ஐந்து பாடங்களுக்கும் பரவியதே கண்ட பலன். தாய்மொழியில் சிந்திக்கத் தெரியாத குழந்தைக்கு அயல்மொழியில் சிந்திக்க வராது. அறிவைத் தாய்மொழியில் ஊன்றி, ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே நன்கு கற்பிப்பதுதான் நேரிய வழி.

இரண்டாவது, ஆங்கிலம் அடிமைத்தனத்தின் சின்னம், அது ஏழைகளுக்கு எதற்கு என்பது. மெக்காலே 1835ஆம் ஆண்டு எழுதிய குறிப்பை இவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆட்சிக்குத் துணைநிற்கும் இடைத்தரகர் கூட்டம் ஒன்றை உருவாக்கவே ஆங்கிலக் கல்வி புகுத்தப்பட்டது என்பது வரலாறு. ஆனால் இவ்வாறு பேசுவோரின் பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே படிக்கின்றனர் என்பதையும் நாம் அறிவோம். ஆளும் மொழியை ஆள்வோர் மட்டும் அறிந்திருப்பதே அடிமைத்தனம். ஆளப்படுவோரும் அதைப் படித்து, பொருளுணர்ந்து, கேள்வி கேட்கத் தொடங்கும் நாளில் மெக்காலேயின் கணக்குப் பொய்த்துப்போகிறது.

நம் மரபு காட்டும் வழி

வாழ்க்கைப் பொருள்வழிக் கற்பித்தல் என்பது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று எண்ண வேண்டா. நம் ஆண்டவர் எவ்வாறு கற்பித்தார்? விதைப்பவர், வலை, புளிப்பு மாவு, காணாமற்போன காசு, அணைந்துபோன விளக்கு ஆகியவற்றைக் கொண்டே விண்ணரசை விளக்கினார். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமை, நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசி முடிக்கும் ஒப்பந்தத்துடன்தான் தொடங்குகிறது. கேட்டவர்கள் கூலிக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு அவர் அழைத்துச் சென்றார்.

தமிழ்மண்ணில் உழைத்த மறைப்பணியாளரும் இவ்வழியே நடந்தனர். அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே வாழ்ந்து தமிழ் கற்றார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்குத் துணையாகும் கொம்பெசியொனாயரு வெளிவந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்பவருக்கு ஏட்டுத் தமிழ் மட்டும் போதாது. வலைக்கடன், வட்டி, குடும்பச் சண்டை, பொய்ச்சாட்சி ஆகியவற்றின் தமிழ் தெரிய வேண்டும். தேவை மொழியைக் கற்பித்தது.

வீரமாமுனிவரின் சான்று இன்னும் தெளிவானது. தேம்பாவணி பாடிய அப்பெரும்புலவர், அயல்நாட்டுக் குருக்கள் மக்கள் பேசும் தமிழைப் பயிலும்பொருட்டுப் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். காப்பியத்தைக் கொடுத்து உருப்போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆற்றைக் கடக்க அஞ்சும் குருவும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிவரும் சீடரும், மாட்டின் நிழலில் அமர்ந்ததற்கும் வாடகை கேட்கும் மாட்டுக்காரனும் அந்நூலில் வருகின்றனர். பேரம், வாடகை, வழக்கு, பயணம் எல்லாம் உண்டு. அதாவது, தமிழ் கற்கவந்த ஐரோப்பியக் குருவுக்கு நம் முன்னோர் கொடுத்த வாழ்க்கைப் பாடத்தை, ஆங்கிலம் கற்கவந்த தமிழ்ப் பிள்ளைக்கு நம் பள்ளிகள் மறுக்கின்றன.

இத்தாலியில் தஸ்கனி மலைப்பகுதியில் உள்ள பார்பியானா என்ற சிற்றூருக்கு 1954இல் லொரேன்சோ மிலானி என்ற பங்குக்குரு அனுப்பப்பட்டார். அரசுப் பள்ளிகளால் தேறாதவர் என்று தள்ளப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகளைத் தம் இல்லத்தில் கூட்டிப் பள்ளி நடத்தினார். அவருடைய பாடநூல்களுள் தலையாயது அன்றாடச் செய்தித்தாள். அதை நாள்தோறும் வரிவரியாகப் படித்து விவாதித்தனர். அயல்மொழிகளைக் கற்றனர், அவற்றைப் பயன்படுத்த அயல்நாடுகளுக்கும் சென்றுவந்தனர். மொழியைக் கைக்கொள்ளாத ஏழை என்றும் ஏழையாகவே இருப்பான் என்பது அக்குருவின் உறுதியான கொள்கை. அப்பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருந்த சொற்கள் இத்தாலிய மொழியில் இல்லை. 'ஐ கேர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் அவை. எனக்கு அக்கறை உண்டு என்பது பொருள். அம்மாணவர் எண்மர் கூடி எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. அதே ஆண்டில், 44 வயதில் மிலானி மறைந்தார். வாழ்நாளில் பலரால் சந்தேகிக்கப்பட்ட அவருடைய கல்லறையில் 2017ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வந்து செபித்தார்.

அண்டையில் நடந்த ஒரு முயற்சி

இத்தாலி தொலைவில் இருக்கிறது, நம் பள்ளிகளில் இது நடக்குமா என்று கேட்போர் உண்டு. நம் அண்டையிலேயே நடந்திருக்கிறது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய நகரங்களின் சில பள்ளிகளில், பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வி அறிஞர் ஒரு முயற்சியை நடத்தினார். ஆங்கிலக் கல்வித்துறையினர் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அறிவர்.

முறை எளியது. வகுப்புக்கு இரயில் கால அட்டவணையோ வரைபடமோ கொடுக்கப்படும். முற்பகலில் புறப்பட்டு மாலைக்குள் இன்ன ஊரை அடைய எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது போன்ற ஒரு சிக்கலை ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் பேசித் தீர்ப்பார். பின்னர் அதையொத்த மற்றொன்றை மாணவர் தாமே தீர்க்க வேண்டும். விடை சரியா என்றே பார்க்கப்படும். இலக்கணம் தனிப்பாடமாக நடத்தப்படுவதில்லை. மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழியின் அமைப்பு தானே உள்ளே படியும் என்பது பிரபுவின் கருத்து.

இறுதியில் அறிஞர் இத்திட்டத்தை மதிப்பிட்டபோது, வாக்கிய அமைப்பை மட்டும் சோதித்த தேர்வில் பழைய முறையில் பயின்றோர் முந்தினர். மொழியைப் பொருளோடு பயன்படுத்தும் தேர்வுகளில் புதிய முறையில் பயின்றோர் முந்தினர். இருபக்கமும் உண்மை உண்டு. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். வாழ்க்கை நம் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வு இவ்விரண்டில் எது?

இலக்கணம் எங்கே போகும்?

இலக்கணம் கெட்டுவிடும் என்று அஞ்சும் ஆசிரியர்க்கு ஒரு சொல். பிரபு இலக்கணத்தைத் தனியே நடத்தவில்லை. நாம் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. இலக்கணம் வேண்டும், ஆனால் அது பொருளிலிருந்து பிறக்க வேண்டும் என்கிறோம்.

துணைவினைகளை எடுத்துக்கொள்வோம். 'ஷல்', 'மே' என்ற இரண்டையும் நம் மாணவர் கோடிட்ட இடத்தில் நிரப்பப் பழகியிருக்கின்றனர். ஒரு வேலை ஒப்பந்தத்தின் மாதிரியை அவர்கள்முன் வைத்துப் பாருங்கள். தொழிலாளி ஆறு நாள் வேலை செய்வார் என்ற இடத்தில் 'ஷல்' இருக்கிறது. முதலாளி மிகைநேரக் கூலி தருவார் என்று நாம் எண்ணும் இடத்தில் 'மே' இருக்கிறது. முன்னது கட்டாயம், பின்னது விருப்பம். அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது என்று விளக்கிய ஆசிரியரின் வகுப்பில் எந்த மாணவராவது தூங்குவாரா? அவ்விலக்கணத்தை மறப்பாரா?

செயப்பாட்டுவினையும் அவ்வாறே. இராமன் இராவணனைக் கொன்றான் என்பதை இராவணன் இராமனால் கொல்லப்பட்டான் என்று மாற்றி மாற்றி எழுதுகின்றனர். எதற்காக மாற்ற வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. உமது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று ஓர் அலுவலகக் கடிதம் வருகிறது. யாரால் நிராகரிக்கப்பட்டது? கடிதத்தில் இல்லை. செய்தவரை மறைக்க அதிகாரம் கையாளும் இலக்கணம் இது என்று கண்ட மாணவர், யாரால் என்ற கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்கிறார். அது இலக்கணப் பாடம் மட்டுமன்று. குடிமைப் பாடமும் கூட.

கர்தினால் கார்டைன் வகுத்துத் தந்த பார், ஆராய், செயல்படு என்ற மூன்று படிகளை நம் இளைஞர் இயக்கங்களும் மாணவர் இயக்கங்களும் நன்கறியும். திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில் அம்முறையைப் பரிந்துரைத்தார். ஆங்கில வகுப்புக்கும் அதுவே போதும். மருந்து அட்டையைப் பார். அதன் சொற்களை ஆராய். வீட்டிலுள்ளவர்க்கு விளக்கிச் செயல்படு.

அப்படியானால் கவிதையும் கதையும் வேண்டாவா? வேண்டும். ஏழைக்கு ஒப்பந்தம் மட்டும் போதும், இலக்கியம் செல்வர்க்கே என்று கூறுவது மற்றோர் அநீதி. ஆனால் பொருளறியாமல் உருப்போட்ட பாட்டு அம்மாணவருக்கு இலக்கியமாகவில்லை, தண்டனையாகவே இருந்தது. அட்டவணையைப் படிக்கத் தெரிந்த கண், ஒரு நாள் கவிதையையும் தானே படிக்கும்.

செய்யத் தக்கவை

மதிப்பெண் குறைந்துவிடும் என்பதே நிர்வாகத்தினரின் அச்சம். பொருளுணர்ந்து படித்தவர் மதிப்பெண்ணும் பெறுவார். உருப்போட்டவர் வினா சற்றே மாறினாலும் தடுமாறுவார். வகுப்பில் ஐம்பது அறுபது பேர் இருக்கின்றனர், பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பது ஆசிரியரின் முறையீடு. அம்முறையீடு நியாயமானது, அதைத் தீர்க்கும் பொறுப்பு ஆசிரியருடையது அன்று, பள்ளியை நடத்துவோருடையது. கட்டடத்துக்கும் நுழைவாயிலுக்கும் பணம் திரட்ட முடிந்த நிர்வாகம், ஆங்கில ஆசிரியரின் பயிற்சிக்கும் ஒரு நாளிதழ்ச் சந்தாவுக்கும் பணம் இல்லை என்று சொல்ல இயலாது.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாரத்தில் ஒரு பாடவேளையேனும் வாழ்க்கைப் பொருளுக்கென ஒதுக்கப்பட வேண்டும். அந்த வேளையில் வழிகாட்டி நூல் திறக்கப்படக் கூடாது. ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர் மக்களின் கைக்கு வரும் ஆங்கிலத் தாள்களின் படிகளை, பெயர்களை நீக்கிவிட்டு, திரட்டி வைக்க வேண்டும். கடற்கரைப் பள்ளியில் படகு இயந்திரக் கையேடும் திசைகாட்டும் ஜி.பி.எஸ். கருவியின் திரைச் சொற்களும் இருக்கட்டும். மருத்துவமனைக்கு அருகிலுள்ள பள்ளியில் அறுவைச் சிகிச்சை ஒப்புதல் படிவம் இருக்கட்டும். பொதுத்தேர்வு முழுவதும் எழுத்துத் தேர்வாக இருப்பதால் கைவிடப்பட்ட கேட்டலும் பேசலும் பள்ளி அளவிலேனும் சோதிக்கப்பட வேண்டும். மறைமாவட்டக் கல்விப் பணிக்குழுக்கள் ஆண்டறிக்கையில் தேர்ச்சி விழுக்காட்டோடு, எத்தனை மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு பக்க ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் பொருள் சொல்ல வல்லவர் என்பதையும் வெளியிட வேண்டும்.

பங்கு மக்களுக்கும் இதில் பங்குண்டு. அன்பியக் கூட்டங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், செவிலியர், கப்பலில் பணியாற்றித் திரும்பியவர் எனப் பலர் இருக்கின்றனர். மாதத்தில் ஓரிரு மாலைகளைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்கள் கொடுக்கலாம். பெற்றோரும் கேள்வியை மாற்ற வேண்டும். எத்தனை மதிப்பெண் என்று கேட்பதை ஒரு நாள் நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள மின்கருவியின் உத்தரவாத அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது, எது நமக்கு நன்மை, எது நமக்குக் கேடு என்று கேளுங்கள். பிள்ளையால் சொல்ல இயலவில்லையானால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டா. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்லுங்கள். தாளாளராக இருக்கும் குருவிடமோ துறவியிடமோ அதைக் காட்டி, பத்தாண்டுகளில் என் பிள்ளைக்கு எதைக் கற்பித்தீர்கள் என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். அக்கேள்விக்கு மறுமொழி கூறும் கடமை அவர்களுக்கு உண்டு.